மாளிகைகளும் கல்லூரிகளும்

ஒரு வட்டாரத்தின் பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் ஏதேனும் ஒன்று தோன்றுகிறது. தஞ்சை என்றால் நெல்; சிவகாசி என்றால் தீப்பெட்டியும் பட்டாசும்; திருப்பூர் என்றால் பின்னலாடை. மண்ணும் நீரும், தொழிலும் கோயிலும் காலங்காலமாக வட்டாரங்களுக்கு அடையாளம் தந்து வந்துள்ளன. கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த வரிசையில் கல்வி நிலையமும் சேர்ந்துகொண்டது. பாளையங்கோட்டையைத் 'தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு' என்று அழைப்பதில் அவ்வூர் மக்கள் இன்றும் பெருமை கொள்கின்றனர். சிதம்பரம் என்றதும் நடராசர் கோயிலுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

பள்ளியும் கல்லூரியும் எங்கும் இருக்கின்றன. அவற்றுள் சில மட்டும் ஊரின் அடையாளமாகவே ஆகிவிடுவது எப்படி? அந்த இடத்தை அவை தக்கவைத்துக் கொள்ள என்ன வேண்டும்? மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் நிதி நெருக்கடியிலும் ஆசிரியர் பற்றாக்குறையிலும் தவிக்கும் இந்நாளில் இக்கேள்விகளுக்கு விடை காண்பது அவசியமாகிறது. இதற்குச் செட்டிநாட்டின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கடல் கடந்த வணிகத்தில் ஈட்டிய பணம் இரு வகைகளில் முதலீடு செய்யப்பட்டது. ஒரு பங்கு மாளிகைகளாயிற்று. இன்னொரு பங்கு கல்லூரிகளாயிற்று. இரண்டும் இன்று என்ன நிலையில் உள்ளன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருளியலில் ஒரு பாடம்.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொண்டது செட்டிநாடு. ஆறுகளின் துணை இல்லாத, கண்மாய்களை நம்பிய, வானம் பார்த்த பூமி. விளைச்சலை மட்டும் நம்பியிருந்தால் அங்கு பெருஞ்செல்வம் சேர்ந்திருக்க வழியில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் செல்வம் வெளியே ஈட்டப்பட்டது. அவர்கள் மொழியில் அதற்குக் 'கொண்டுவிற்கப் போதல்' என்று பெயர். பர்மா, மலேயா, இலங்கை, இந்தோசீனா என்று அவர்களது கடைகள் பரவின.

இவற்றுள் பர்மா தலையாயது. 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதி வடிநிலத்தின் அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. காடு திருத்திக் கழனியாக்க உழவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் உழவருக்குக் கடன் தர முன்வரவில்லை. அந்த இடைவெளியை நகரத்தார் நிரப்பினர். ஊரில் திரட்டிய முதலும், உறவினரிடையே நிலவிய நம்பிக்கையும், பிழையற்ற கணக்கும் அவர்களது வலிமை.

அந்தச் செழிப்பை 1930-களின் உலகப் பெருமந்தம் முறித்தது. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காட்டு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. பணமாக இருந்த முதல், விற்க முடியாத நிலமாக உறைந்துபோனது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. பர்மா விடுதலை பெற்ற 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. மூன்று தலைமுறையின் ஈட்டல் பெரும்பாலும் அங்கேயே நின்றுபோனது.

அதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்த பணம்தான் இன்று நாம் காணும் மாளிகைகள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, முட்டை வெண்கரு சேர்த்துக் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரைக்கல் என்று அவை எழுந்தன. பொருளியல் கண்ணோட்டத்தில் இவற்றை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. தச்சரும் கொத்தரும் கல்லுக் கைவினைஞரும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் தேர்ந்தது இம்மாளிகைகளால்தான். ஆத்தங்குடிக் கல் இன்றும் உலகறிந்த பொருளாக இருப்பதற்கும் அவையே காரணம்.

எனினும், மாளிகை என்பது வருவாய் தராத முதல். அதனைப் பராமரிக்க வெளியிலிருந்து பணம் வந்துகொண்டே இருக்க வேண்டும். வரவு நின்றதும் வீடுகள் பூட்டப்பட்டன. ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள், இருபது பங்காளிகள் என்று உரிமை பிரிந்ததால், விற்கவும் முடியாமல் செப்பனிடவும் முடியாமல் பல வீடுகள் சிதைந்தன. தூண்களும் நிலைக்கதவுகளும் கழற்றப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இன்று சுற்றுலாப் பயணியருக்கு அவை காட்சிப்பொருள். உள்ளூர்க் குடும்பங்களுக்கோ திருமணத்துக்கும் படைப்புக்கும் ஆண்டுக்கு ஓரிருமுறை திறக்கும் வீடுகள்.

இனி இரண்டாவது முதலீட்டைப் பார்ப்போம். வணிக இலாபத்தில் ஒரு பங்கை அறத்துக்கென 'மகமை'யாக ஒதுக்கி வைப்பது நகரத்தார் வழக்கம். நெடுங்காலம் அப்பணம் சிவாலயத் திருப்பணிக்கும், காசி, இராமேசுவரம் போன்ற தலங்களில் நகரச் சத்திரங்களுக்கும், வேத பாடசாலைகளுக்கும் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அறத்தின் திசை மெல்ல மாறியது. 1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றித் தமிழ்க் கல்விக்கு வித்திட்டது. அதற்குத் துணைநின்ற மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசனார் பள்ளிக்கூடத்தில் படித்தது சில மாதங்களே. ஆயினும் தம் முயற்சியால் கற்றுத் தமிழும் வடமொழியும் தேர்ந்து, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

இந்தத் திசைமாற்றத்தை ஒருவரது வாழ்க்கையிலேயே காணலாம். மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்த வ.சுப. மாணிக்கம், அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே பர்மாவுக்கு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக அனுப்பப்பட்டார். முதலாளி உள்ளே இருக்கும்போது, வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லும்படி ஏவப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். வேலை போயிற்று, ஊர் திரும்பினார். பண்டிதமணியிடம் தமிழ் பயின்றார். அழகப்பா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் முதல்வராகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராகவும் பணியாற்றி, 1979 முதல் 1982 வரை மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். ஒரு தலைமுறைக்கு முன் பிறந்திருந்தால் அந்தச் சிறுவன் திரும்பி வந்து சேர ஊரில் ஒரு கல்விச் சூழல் இருந்திருக்காது. வேறொரு கடைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் உருவானபின், தமிழ்ப் பகுதிக்கும் தனியாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. தம் கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் அவர் அளிக்க, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மலர்ந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் இலங்கையின் கிழக்கிலிருந்து வந்த விபுலாநந்த அடிகள். 1941-இல் அங்கு நடைபெற்ற தமிழிசை மாநாடும், 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கமும் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடத்தைக் கேட்டுப் பெற்றன.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பணம் செட்டிநாட்டினுடையது, அடையாளம் சிதம்பரத்துக்குச் சேர்ந்தது. கோயில் நகரமாக இருந்த ஊர் கல்வி நகரமாகவும் ஆயிற்று. வடாற்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் தென்னாற்காட்டுச் சிற்றூர்களிலிருந்தும் வந்த முதல் தலைமுறை மாணவர்கள் அங்கே தங்கிப் படித்தனர், மேடையில் பேசக் கற்றனர், அரசியல் கற்றனர். 1965-ஆம் ஆண்டு சனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அப்பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவரது சிலை அங்கு நிற்கிறது. ஒரு வட்டாரத்தின் எல்லையையும் கடந்து, ஒரு மாநிலத்தின் மொழி அரசியலிலேயே அப்பல்கலைக்கழகம் இடம்பெற்றுவிட்டது. நிறுவியவர் எண்ணியிராத திசையில்கூட ஒரு கல்வி நிலையம் தன் வட்டாரத்தை உருவாக்கும் என்பதற்கு இது சான்று.

செட்டிநாட்டுக்கே கல்லூரியைக் கொண்டுவந்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். 1909-இல் பிறந்து 48 வயது நிறையும் முன்னரே 1957-இல் மறைந்த இவர், சட்டம் பயின்றவர். கொச்சிச் சீமையில் நூற்பாலை நிறுவிய தொழிலதிபர். 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைய ஒரு லட்சம் ரூபாயும், 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற ஐந்து லட்சம் ரூபாயும் வழங்கினார். 1947-இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி, 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-இல் பொறியியல் கல்லூரி என்று அடுத்தடுத்து எழுப்பினார். கண்மாய்ப் பாசனம் தவிர வேறு நீராதாரம் இல்லாத ஒரு வறண்ட சிறு நகரத்தில் பொறியியல் கல்லூரி என்பது அந்நாளில் பெரும்பாலோர்க்கு விந்தையாகவே இருந்திருக்கும்.

அதனினும் பெரிய விந்தை மத்திய மின்வேதியியல் ஆய்வகம். விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வகங்களைத் திட்டமிட்டபோது, அவற்றுள் ஒன்று காரைக்குடிக்கு வருவதற்காக 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் அழகப்பர் அளித்தார். 1948 சூலை 25 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அறிவியலாளர்கள் குடும்பத்துடன் காரைக்குடிக்கு வந்தனர். உப்புக் காற்று உலோகத்தை எவ்வாறு அரிக்கிறது என்பதை அறிய இந்த ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் ஒரு சோதனை நிலையம் அமைத்தது. மீனவரின் படகு ஆணியையும் பாம்பன் பாலத்து இரும்பையும் அரிக்கும் அதே காற்று, அங்கே ஆய்வுப்பொருளாயிற்று. வட்டாரத்தின் இயற்கையே அதன் அறிவுக்கு மூலப்பொருளாவது இப்படித்தான்.

தனிமனிதர் கொடையின் வரம்பையும் இவ்வரலாறு காட்டுகிறது. கணித மேதை இராமானுஜன் நினைவாக அழகப்பர் 1951-இல் சென்னையில் ஒரு கணித ஆய்வு நிலையத்தை நிறுவினார். அவரது தொழில்கள் நலிந்து, அவரும் மறைந்தபோது அந்நிலையம் மூடப்படும் நிலைக்கு வந்தது. வானியற்பியலாளர் சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் எடுத்துரைக்க, 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. வள்ளலின் பெட்டி வற்றும்போது அறம் வற்றாதிருக்க வேண்டுமானால் அரசு கைகொடுக்க வேண்டும். காரைக்குடிக் கல்லூரிகளின் தொடர்ச்சியாக 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகத்தை அரசு நிறுவியதும், 2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும் இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

இனி, ஒரு கல்லூரி தன் வட்டாரத்துக்கு என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆலை தன் விளைபொருளை வெளியூருக்கு அனுப்பினால் அதற்கான விலை ஊருக்குத் திரும்பி வருகிறது. கல்லூரியின் விளைபொருள் மனிதர். அவர் வெளியூருக்குப் போனால் அவருடன் அவரது கல்வியும் போய்விடுகிறது. கல்லூரி எவ்வளவு சிறப்பாகப் பயிற்றுவிக்கிறதோ அவ்வளவு விரைவில் மாணவர் ஊரைவிட்டு வெளியேறுகிறார். காரைக்குடியில் பொறியியல் படித்தவருக்கு வேலை சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறது. அப்படியானால் வட்டாரத்துக்கு மிஞ்சுவது என்ன?

மூன்று நன்மைகளைச் சொல்லலாம். முதலாவது, செலவு வழிப்பட்ட நன்மை. ஆசிரியரின் ஊதியமும் மாணவரின் விடுதிக் கட்டணமும் உள்ளூர்க் காய்கறிக் கடையிலும் உணவு விடுதியிலும் புத்தகக் கடையிலும் வாடகை வீட்டிலும் செலவாகின்றன. அங்கிருந்து வேறொருவருக்கு வருவாயாகின்றன. பொருளியலில் இதனைப் 'பெருக்கி விளைவு' என்போம். மழை பொய்த்தாலும் மாதந்தோறும் வரும் இந்த வருவாய், வறண்ட வட்டாரத்தில் ஒரு கண்மாய்க்கு நிகரானது. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்ததில் கல்வி நிலையங்களைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளுக்கும் பங்குண்டு.

இரண்டாவது, ஊரிலேயே தங்குவோர்க்குக் கிடைக்கும் நன்மை. இதுவே மிக முக்கியமானது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே. வெளியூர் சென்று படிக்க வசதியுள்ள குடும்பத்துக்கு உள்ளூர்க் கல்லூரி பல வாய்ப்புகளுள் ஒன்று. வசதியில்லாத குடும்பத்துக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, அது ஒன்றே வாய்ப்பு. காலையில் நகரப் பேருந்து ஏறி மாலையில் வீடு திரும்பும் தொலைவில் கல்லூரி இருந்தால் அந்தப் பெண் பட்டதாரியாவாள்; இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்துவிடும். 2021 முதல் மகளிர்க்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணமும், 2022 முதல் அரசுப் பள்ளி மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கின்றன. பேருந்தும் உதவித்தொகையும் கொண்டு சேர்க்கும் இடத்தில் பாடம் நடத்த ஆசிரியர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செலவு பயன் தராது.

மூன்றாவது, வட்டாரத்தைப் பற்றிய அறிவு. ஒரு நிலப்பகுதி தன்னைத் தானே அறிந்துகொள்ள உதவும் ஆய்வு, அதன் அடையாளத்தையே மாற்றிவிடும். சிவகங்கை மாவட்டத்தின் கீழடியில் 2014-15-இல் தொடங்கிய அகழாய்வு இதற்கு அண்மைச் சான்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கீழடி ஒரு தென்னந்தோப்பு கிராமம். பெயர் சொன்னால் பக்கத்து மாவட்டத்தாருக்கும் தெரியாது. இன்று பள்ளிக் குழந்தைகள் பேருந்து பேருந்தாக அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வருகின்றனர். தொழில் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டம் என்று மட்டுமே பேசப்பட்ட சிவகங்கைக்கு இன்று வேறொரு முகம் இருக்கிறது. மண் மாறவில்லை, அதைப் பற்றிய அறிவு வளர்ந்தது.

முதல் இரண்டு நன்மைகளையும் தரும் கல்வி நிலையங்கள் நம்மிடம் நிறைய உண்டு. மூன்றாவதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். அழகப்பர் பிறந்த அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், பழந்தமிழ் நூல்கள், இதழ்கள், நாடக அறிவிப்புகள், திருமண அழைப்பிதழ்கள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் படிகளைச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாயிற்று. தமிழ் அச்சு வரலாற்றுக்கு இன்று அந்த நூலகம் இன்றியமையாதது. அது காக்கப்பட்டது தமிழரின் நற்பேறு. சிகாகோவுக்கு நாம் நன்றியுடையோம்.

ஆயினும், கோட்டையூருக்கும் காரைக்குடிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான் என்பதை எண்ணும்போது ஒரு கேள்வி எழுகிறது. அந்நாளில் பத்தாண்டும் நிரம்பாத ஓர் இளம் பல்கலைக்கழகத்திடம் அத்தகைய தொகுப்பை வாங்கும் பணமோ காக்கும் வசதியோ இருந்திருக்க நியாயமில்லை. எனவே எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால், வட்டாரப் பல்கலைக்கழகங்களை உருவாக்கிய நாம், வட்டாரத்தின் ஆவணங்களைத் தேடித் தொகுக்க அவற்றுக்கு நிதியும் ஆளும் தந்தோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லை வகுத்து, கல்லூரிகளை இணைத்து, தேர்வு நடத்திப் பட்டம் தரும் பணியையே நாம் அவற்றின் முதற்கடமையாக்கினோம். ஊரின் பெயரும் தலைவர்களின் பெயரும் வாயிற்பலகையில் இருக்கின்றன. உள்ளே நடத்தப்படும் பாடத்துக்கும் வாயிலுக்கு வெளியே உள்ள ஊருக்கும் தொடர்பு அரிதாகவே இருக்கிறது.

இதன் இழப்பு சிறிதன்று. பர்மாவில் செட்டியார் கடன்முறை எவ்வாறு இயங்கியது என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர் இன்றும் பெரிதும் நாடுவது ஆங்கிலேய அரசின் அறிக்கைகளைத்தான். அந்த வணிகத்தை நடத்தியவர்களின் பேரேடுகளும் கடிதங்களும் வீட்டுப் பெட்டகங்களிலும் பரண்களிலும் கரையானுக்கு இரையாகின்றன. வீடு பிரித்து விற்கும்போது தேக்குக்கு விலை கிடைக்கிறது. பேரேடு பழைய காகிதத்தோடு போகிறது. ஒரு சமுதாயத்தின் பொருளாதார நினைவே எடைக்குப் போகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

நகரத்தார் முன்பு கடல் கடந்து போனபோதும் ஊரைவிட்டுத்தான் போயினர். ஆனால், அவர்கள் ஈட்டியது ஊருக்குத் திரும்பியது. காரணம், ஒன்பது நகரக் கோயில்களும் பங்காளி முறையும் அவர்களை ஊரோடு கட்டியிருந்தன. எங்கே கடை வைத்தாலும் திருமணப் பதிவுக்குக் கோயிலுக்கு வரவேண்டும். எங்கே வாழ்ந்தாலும் புள்ளி ஊரில்தான். இன்று கல்லூரியில் படித்து வெளியேறும் இளைஞரை அந்த வட்டாரத்தோடு கட்டுவது எது? அவர் செட்டிநாட்டவராக இருக்க வேண்டியதில்லை. இராமநாதபுரத்து மீனவர் மகனாகவோ திருவாடானை உழவர் மகளாகவோ இருக்கலாம். குலமும் கோயிலும் கட்டாத அவர்களைக் கல்லூரி கட்ட முடியும். தம் ஊரைப் பற்றி அங்கே ஏதேனும் கற்றிருந்தால் அந்தக் கட்டு நிலைக்கும்.

இன்றைய நிலை கவலை தருகிறது. ஓய்வுபெறும் பேராசிரியரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. தொகுப்பூதியத்தில் வரும் கௌரவ விரிவுரையாளர் இரண்டு மூன்று பேரின் பாடங்களைச் சுமக்கிறார். துணைவேந்தர் நியமன அதிகாரம் பற்றிய பூசல் உச்சநீதிமன்றம் வரை சென்றதில் பணியிடங்கள் நெடுநாள் வெறுமையாக இருந்தன. தொலைதூரக் கல்வியின் வருவாயை நம்பிச் செலவைப் பெருக்கிக்கொண்ட பல்கலைக்கழகங்கள், விதிகள் இறுகியதும் தடுமாறின. அண்ணாமலையில் மிகையாக நியமிக்கப்பட்ட ஊழியர்களை வேறு அரசுக் கல்லூரிகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கட்டணத்தை எதிர்த்து மாணவர் போராடியபின் 2021-இல் அதன் மருத்துவக் கல்லூரி கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. அதே காலத்தில் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பொறுப்பும் அதற்கு வந்தது. தங்கிப் பயிலும் பல்கலைக்கழகமாகப் பிறந்தது இன்று தேர்வு நடத்தும் பல்கலைக்கழகமாகவும் இயங்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய சரிவில் முதலில் இழப்பவர் யார் என்பதை மறந்துவிடலாகாது. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவிடுவர். அந்நிறுவனங்கள் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அவற்றின் பார்வை பெருநகரத்தின் மீதே இருக்கும். உள்ளூர் அரசுக் கல்லூரியை நம்பியிருக்கும் மாணவிக்கு அந்த மாற்று வழி இல்லை. ஆகவே, வட்டாரப் பல்கலைக்கழகத்தின் நலிவை ஒரு நிர்வாகச் சிக்கலாக மட்டும் பார்க்க இயலாது. அது வட்டாரத்தின் எளியோருக்கு நேரும் இழப்பு.

செய்ய வேண்டியவை எளியவை. செய்யத் துணிவுதான் தேவை. நிலையான ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவது முதலாவது. ஆண்டுதோறும் மாறும் தற்காலிக ஆசிரியரால் ஒரு கண்மாயின் நீர்வரத்தையோ ஒரு நெசவூரின் வாழ்வையோ பத்தாண்டு தொடர்ந்து ஆராய முடியாது. மானியத்தை ஆண்டுதோறும் மன்றாடிப் பெறும் தொகையாக வைக்காமல், ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதியான ஒதுக்கீடாக அரசு ஆக்கித்தர வேண்டும்.

அடுத்ததாக, ஒவ்வொரு வட்டாரப் பல்கலைக்கழகத்திலும் ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும். பேரேடுகள், கோயில் கணக்குகள், கிராமப் பதிவேடுகள், வாய்மொழி வரலாறு ஆகியவற்றை ஒளிப்படியெடுத்து வைக்க இன்று பெரும்பொருள் தேவையில்லை. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதினால், பத்து ஆண்டுகளில் ஒரு மாவட்டமே எழுத்தில் வந்துவிடும்.

பள்ளியிலிருந்தே இதனைத் தொடங்குவது நல்லது. காரைக்குடி மாணவன் 1930-களின் உலகப் பெருமந்தத்தைப் பாடநூலில் படிக்கிறான். தன் தெருவில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கும் அந்தப் பெருமந்தத்துக்கும் உள்ள உறவை அவனுக்குச் சொல்ல எவருமில்லை. மாநிலப் பாடத்திட்டம் ஒன்றாகவே இருக்கட்டும். அதனுள் தம் ஊரை ஆராயும் ஒரு செயல்திட்டத்துக்கு ஆசிரியருக்கு இடமும் நேரமும் மதிப்பெண்ணும் தரப்பட்டால் போதும்.

இறுதியாக, இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரு முதலீடுகளையும் இணைக்கும் வழியையும் எண்ணிப் பார்க்கலாம். பங்காளிகள் உடன்பட்டால், பூட்டிய மாளிகைகள் சிலவற்றை நீண்டகாலக் குத்தகைக்குப் பெற்று, பல்கலைக்கழகத்தின் காப்பகமாகவும் கட்டடக்கலைப் பள்ளியாகவும் கைவினைப் பயிற்சிக் கூடமாகவும் நடத்தலாம். வீட்டுக்குப் பராமரிப்பு கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்கும். ஆத்தங்குடிக் கல் வார்ப்பவரும் கண்டாங்கி நெய்பவரும் மாணவர்க்கு ஆசிரியராகலாம். கடல் கடந்து வாழும் இன்றைய தலைமுறை நகரத்தாரும், அங்கு படித்து உயர்ந்த பிற சமுதாயத்தினரும் தங்கள் மகமையை அளிக்க இதைவிடத் தக்க இடம் இல்லை.

பணம் வந்தபோது எழுந்த மாளிகைகள், பணம் நின்றபோது பூட்டப்பட்டன. அதே பணத்தில் எழுந்த கல்லூரிகள், நிறுவியவரின் செல்வம் கரைந்த பின்னும் திறந்திருந்தன. காரணம், மக்கள் அவற்றைத் தமதாகக் கொண்டனர், அரசும் தாங்கிப் பிடித்தது. அந்த இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் கல்லூரியும் பெரிய கட்டடமும் பூட்டிய கதவுமாக நிற்க நேரிடும். வரும் நிதிநிலை அறிக்கையில் வட்டாரப் பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையைப் பார்த்தே, அந்தக் கதவுகள் திறந்திருக்குமா என்பதை நாம் அறியலாம்.